நரம்பில் ஏறும் மருந்தும் நம் வீட்டுக் கணக்கும்

சென்ற மாதக் கிளைக் கூட்டத்தில் சம்பளப் பேச்சு முடிந்து, தேநீரும் குடித்து, எல்லாரும் எழுந்திருக்கும் நேரத்தில் பால்வெட்டும் பெண் தோழர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். "கிராணி ஐயா, நரம்பிலே ஏத்துற அந்த மருந்து என்னதான் விலை? தங்கத்திலேயா செய்றாங்க?" என்றார். சிரிப்பு எழுந்தது. கேட்டவர் சிரிக்கவில்லை. அவருடைய கணவருக்கு அந்த மருந்தை ஏற்றிய கணக்கில் அவருடைய கழுத்துச் சங்கிலி இன்று அடகுக் கடையில் இருக்கிறது.

அன்று நம்மால் அவருக்குச் சரியான பதில் கூற முடியவில்லை. கணக்கு எழுதிப் பிழைக்கிற நாம் ஒரு கணக்குக் கேள்விக்கு வாயடைத்து நின்றது வெட்கமாக இருந்தது. ஆகவே அவருடைய அனுமதியோடு பில்களை வாங்கிப் பார்த்தோம். டிரஸ்சரிடம் கேட்டோம். சட்டப் புத்தகத்தையும் புரட்டினோம். தெரிந்ததை இங்கே எழுதுகிறோம். இது அந்த ஒரு குடும்பத்தோடு நிற்கிற விஷயம் அன்று.

நடந்தது இதுதான். நவம்பர் மழையில், தண்ணீர் தேங்கிய பள்ளத்து நிரையில், நம் தோழருடைய வலது காலில் ஒரு மரக்குச்சி குத்தியது. சப்பாத்து கிழிந்து ஒரு மாதமாயிற்று, புதிது வரவில்லை. இரத்தத்தைத் துடைத்துவிட்டு நிரையை முடித்தார். மண்டோரிடம் வாயால் சொன்னார். மண்டோர் நம்மிடம் வாயால் சொன்னார். நாம் அதைப் புத்தகத்தில் எழுதவில்லை. சின்னக் காயம்தானே என்று விட்டுவிட்டோம். இந்த இடத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் திரும்ப வருவோம்.

பத்து நாள் சென்று காய்ச்சல். தோழருக்கு நீரிழிவும் உண்டு. மூன்று நாள் பனடோலில் ஓட்டினார். நான்காம் நாள் இரவு நடுக்கம் கண்டு, பேச்சும் குழறியபோது, மகன் அவரைக் காரில் போட்டுக்கொண்டு பட்டணத்துக்குப் பறந்தான். வழியில் முதலில் கண்ணில் பட்ட விளக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியினுடையது. முன்பணம் ஐயாயிரம் வெள்ளி. சங்கிலி போனது அந்த இரவுக்குப் பிறகு வந்த காலையில்.

மூன்று இரவு அங்கே இருந்தார். பில் 9,460 வெள்ளி. மீதிப் பணத்துக்குக் கடன் வாங்கினார்கள். மூன்றாம் நாள் இரத்தச் சோதனையில் கிருமி இன்னதென்று தெரிந்தது. அதன் பிறகு அரசாங்க ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அங்கே 14 நாள்.

அந்தத் தனியார் ஆஸ்பத்திரியை நாம் ஏச வரவில்லை. அந்த இரவிலேயே மருந்து தொடங்குமுன் இரத்தம் எடுத்துக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு வைத்தது அவர்கள்தாம். அதனால்தான் நோய் பிடிபட்டது. உயிர் பிழைத்ததில் அவர்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் பில்லை மட்டும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

அறையும் தாதியர் கவனிப்பும் 1,050. மருத்துவர்கள் 1,180. இரத்தச் சோதனை, படச் சோதனைகள் 2,900. மருந்தும் மருத்துவப் பொருள்களும் 3,620. இதர செலவுகள் 710. இதில் மருந்துக் கணக்கைத் தாள் தாளாகப் புரட்டியபோது, கிருமியைக் கொல்லும் மருந்தின் பங்கு 1,210 வெள்ளிதான். மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கு! மற்றதெல்லாம் ஊசிக் குழாய், பிளாஸ்டர், கையுறை, உப்புநீர்ப் பை, படுக்கை, சோதனை. தங்கத்தில் செய்த மருந்து இல்லை தோழரே. மருந்தைச் சுற்றி நிற்கிற கூட்டத்துக்குத்தான் செலவு.

அந்தக் கூட்டம் ஏன் வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். தோழருக்கு வந்தது மெலியோய்டோசிஸ் என்ற நோய். ஈர மண்ணிலும் சேற்று நீரிலும் வாழும் ஒரு கிருமியால் வருவது. 1912-இல் ரங்கூனில் விட்மோர் என்ற மருத்துவரும், அவருடைய உதவியாளராக இருந்த கிருஷ்ணசுவாமியும் முதலில் இதை எழுதி வைத்தார்கள். அதற்குப் பெயர் வைத்தவர்களோ நம் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் வேலை பார்த்த ஸ்டாண்டனும் பிளெட்சரும். ஆக நம் மண்ணுக்கு இது புதிதாக வந்த விருந்தாளி அன்று. காயத்தின் வழியாக ஏறும். மழைக்காலத்தில் மூச்சு வழியாகவும் ஏறும். நீரிழிவுக்காரர்களை முதலில் பிடிக்கும். மரத்தடியில் ஈரத்தில் நிற்கிறவர்களும், வயலில் நிற்கிறவர்களும் இதற்கு இலக்கு.

இதற்குக் கொடுக்கிற முக்கிய மருந்து செஃப்டாசிடிம். 1989-இல் தாய்லாந்தின் உபோன் ராட்சதானியில் நடந்த ஆராய்ச்சியில், கடுமையாக நோயுற்றவர்களில் பழைய மருந்துகளால் நூற்றுக்கு 74 பேர் இறந்த இடத்தில், இந்த மருந்தால் 37 பேராகக் குறைந்தது. பாதி! இப்படிப்பட்ட மருந்தை மாத்திரையாக விழுங்கினால் என்ன என்று கேட்கலாம். குடல் இதை இரத்தத்துக்குள் விடாது. ஆகவே நரம்பின் வழியே நேராக இரத்தத்தில் கலக்க வேண்டியிருக்கிறது.

அதிலும் ஒரு தடவை ஏற்றினால் உடம்பு சில மணி நேரத்தில் வெளியேற்றிவிடும். ஆறு மணிக்கொரு தரம் இரண்டு கிராம் என்று நம் தோழருக்கு ஏற்றினார்கள். 14 நாளுக்குக் கணக்குப் போடுங்கள்: 56 தடவை. விடியற்காலை வேளையும் நடுநிசி வேளையும் அதில் உண்டு. ஒவ்வொரு தடவையும் ஒரு தாதி வந்து தூளைக் கரைக்க வேண்டும், பெயரைச் சரிபார்க்க வேண்டும், குழாயைச் சுத்தம் செய்து ஏற்ற வேண்டும், கை வீங்கியிருந்தால் வேறு இடத்தில் குத்த வேண்டும். 56 தடவை ஒருவர் கையைப் பிடித்து நடத்துகிற வேலைக்குக் கூலி இல்லாமலா இருக்கும்? கூலியைப் பற்றி நாமே அறியாவிட்டால் வேறு யார் அறிவார்கள்?

இடையில் ஒரு சொல். தோழரைப் பார்க்கப் போயிருந்தபோது அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். முற்காலத்தில் இந்த மருந்துக் குழாயெல்லாம் ரப்பர். கண்ணாடிப் புட்டியிலிருந்து சிவப்பு ரப்பர்க் குழாயில் இறங்கும். இன்று எல்லாம் பிளாஸ்டிக். ஆனால் மருந்து ஏற்ற வந்த தாதியின் கையுறையைக் காட்டி, "இது நம்ம பாலுங்களா ஐயா?" என்று கேட்டார். இருக்கலாம் என்றோம். இப்போது செயற்கை ரப்பர்க் கையுறையும் நிறைய வருகிறது என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

சரி, அரசாங்க ஆஸ்பத்திரியில் என்ன செலவு? மூன்றாம் வகுப்பு வார்டில் குடிமக்களுக்கு நாளுக்கு மூன்று வெள்ளி. 14 நாளுக்கு 42 வெள்ளி. இதர கட்டணங்கள் சேர்ந்தும் வீடு திரும்பும்போது நூறு வெள்ளிக்குள்தான் கட்டினார்கள். அதே மருந்து, அதே 56 தடவை. செலவு மறைந்துவிடவில்லை, அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. அது நாம் கடையில் வாங்கும் பொருள் ஒவ்வொன்றிலும் கொடுக்கிற வரியிலிருந்து வருவதுதான். பிச்சை என்று யாரும் தலைகுனிய வேண்டியதில்லை.

ஆனால், நூறு வெள்ளிதானே என்று நிர்வாகத்தினர் சொல்லும்போது நாம் கோபப்படுகிறோம். ஏன் என்றால் வீட்டுக் கணக்கு அந்த ரசீதில் இல்லை. தோழருடைய மனைவியும் நம் தோட்டத்தில் பால்வெட்டுகிறவர். கணவரோடு அவர் இருந்த 14 நாளில் வேலை நாள் 12. மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில், வாரம் ஆறு நாள் வேலைக்கு நாள் சம்பளம் 65 வெள்ளி 38 காசு. பன்னிரண்டு நாளுக்கு 784 வெள்ளி 56 காசு போயிற்று. ஆஸ்பத்திரி முப்பது கட்டை தூரம். வாடகைக் கார் நான்கு தடவை, தடவைக்கு 80 வெள்ளியாக 320. அவர் சாப்பாடு, நாளுக்கு 15 வெள்ளியாக 210. ஆக 1,314 வெள்ளி 56 காசு. ரசீதில் 42 வெள்ளி, வீட்டில் 1,314! எந்த ஆஸ்பத்திரியும் இந்தப் பில்லை எழுதித் தருவதில்லை.

தோழருடைய சம்பளம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். இங்கே சட்டம் நம் பக்கம் நன்றாகவே நிற்கிறது. நாம்தான் அதைப் பிடித்துக்கொள்வதில்லை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60F பிரிவுப்படி, ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியிருந்தால் ஆண்டுக்கு 60 நாள் சம்பளத்தோடு விடுப்பு. முன்பு சாதாரண நோய் விடுப்பையும் சேர்த்துத்தான் அந்த 60 நாள். 2023 ஜனவரி முதல் அது தனி, இது தனி. இன்னொன்றும் அந்தப் பிரிவில் இருக்கிறது, பலருக்குத் தெரியாது: ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டிய அளவுக்கு நோய் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்து, ஏதோ காரணத்தால் அங்கே இருக்க முடியாமற் போனாலும், இருந்ததாகவே கணக்கு. ஆனால் விடுப்புத் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தகவல் போக வேண்டும். போகாவிட்டால் சொல்லாமல் நின்றதாக எழுதிவிடலாம். நோயாளியின் தலைமாட்டில் இருக்கிறவர் இதை மறந்துவிடுவது இயற்கை. பக்கத்து வீட்டுக்காரராவது ஆபீசுக்கு வந்து ஒரு சொல் சொல்லிவிட வேண்டும். நம்மைப் போன்ற கிராணிமார் அதை நேரத்தோடு எழுதி வைக்க வேண்டும்.

இப்போது, எழுதாமல் விட்ட அந்தக் காயத்துக்கு வருகிறோம்.

குச்சி குத்தியது வேலை நேரத்தில், வேலை இடத்தில். இது சொக்சோவுக்குப் போக வேண்டிய விஷயம். வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு, மருத்துவ விடுப்பு நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்தால், சம்பளத்தில் நூற்றுக்கு 80 கணக்கில் தற்காலிக ஊன உதவித்தொகை உண்டு. மருத்துவச் செலவுக்கும் வழி உண்டு. விபத்து தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி அறிவிக்க வேண்டும். நாம் அதைப் புத்தகத்தில் ஏற்றவே இல்லை! மூன்று வாரம் கழித்து, "வேலையில்தான் குத்தியது" என்று சொல்ல, மண்டோருடைய நினைவும் நம்முடைய நினைவும்தான் சாட்சி. ஒரு வரி எழுதியிருந்தால் ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு அலைச்சல் இருந்திராது. இந்தப் பத்திரிகையில் நிர்வாகத்தைக் குறை சொல்லி எத்தனையோ தடவை எழுதியிருக்கிறோம். இந்தத் தடவை குறை நம் மேசையிலும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பிறரை ஏசுவது நியாயமாகாது.

மண்டோர் தோழர்களுக்கும் சக கிராணிகளுக்கும் ஒரு வேண்டுகோள். சிராய்ப்பு ஆனாலும் சரி, உளி கீறியது ஆனாலும் சரி, தேதி, நேரம், நிரை எண், எந்தக் கால் எந்தக் கை என்று எழுதுங்கள். எலிக்காய்ச்சலுக்கும் இதே கதைதான். அதுவும் ஈரத்தில் வேலை செய்கிறவர்களைப் பிடிப்பது, கடுமையானால் பெனிசிலினோ செஃப்ட்ரியாக்சோனோ நரம்பில்தான் ஏறும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும், சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். நம் மக்களிடையே நரம்பில் ஏற்றினால்தான் மருந்து என்ற ஒரு நம்பிக்கை இருக்கிறது. சாதாரண சளிக் காய்ச்சலுக்குப் பட்டணத்துக் கிளினிக்கில் போய், "ஒரு பாட்டில் ஏத்துங்க டாக்டர்" என்று தாமாகவே கேட்டு நூற்றுக்கணக்கில் கட்டிவிட்டு வருகிறவர்களைப் பார்க்கிறோம். அந்தப் பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் உப்பும் சர்க்கரையும் தண்ணீரும். வாயால் குடிக்க முடிகிறவருக்கு அதே தண்ணீரை டிஸ்பென்சரிப் பொட்டலத்தில் கரைத்துக் கொடுக்கலாம். உயிர் காக்கிற ஊசிக்கும் ஆறுதலுக்கு ஏற்றுகிற பாட்டிலுக்கும் உள்ள வித்தியாசத்தை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

உண்மையாகவே கிருமி மருந்து நரம்பில் ஏறும்போதும், "டாக்டர், இதை எப்போது மாத்திரையாக மாற்றலாம்?" என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. எல்லா மருந்தும் செஃப்டாசிடிம் போல அன்று. சில மருந்துகள் விழுங்கினாலும் ஏற்றினாலும் ஏறக்குறைய ஒரே அளவு இரத்தத்தில் சேரும். 2019-இல் இங்கிலாந்திலிருந்து ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. எலும்பிலும் மூட்டிலும் கிருமி புகுந்த 1,054 பேரில், பாதிப் பேருக்கு ஆறு வாரம் நரம்பு வழியாகவும் பாதிப் பேருக்கு மாத்திரையாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை எந்த விதத்திலும் தாழ்ந்து போகவில்லை, செலவும் குறைந்தது. மருத்துவர் "இந்த நோய்க்கு முடியாது" என்று சொன்னால் அதுதான் முடிவு. ஆனால் கேட்டால்தானே தெரியும்? தனியார் ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு நாளும் பணம் என்பதால் அங்கே இந்தக் கேள்வியை முதல் நாளிலேயே கேட்க வேண்டும். மருத்துவர் கட்டணத்துக்கு 2006-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில் உச்ச வரம்பு இருக்கிறது. மருந்து, படுக்கை, பொருள்கள் ஆகியவற்றுக்கு அப்படி இல்லை. அதனால்தான் பில் அங்கே வீங்குகிறது. மருந்து விலையை எழுதிக் காட்ட வேண்டும் என்ற ஆணை 2025 மே முதல் தேதி தனியார் கிளினிக்குகளுக்கும் மருந்துக் கடைகளுக்கும் வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் எட்டில் ஒரு பங்கின் விலை மட்டும் தெரிந்தால் மற்ற ஏழு பங்கை யார் காட்டுவது?

ஆகவே இரவில் மயங்கி விழுந்தால் எங்கே போவது என்பதை இப்போதே தீர்மானித்து வைத்துக்கொள்ளுங்கள். நம் தோட்டத்திலிருந்து எட்டு கட்டையில் அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டுமானால் அவர்கள் வண்டியிலேயே அனுப்புவார்கள். அந்தப் பையன் அதைத் தாண்டித்தான் பட்டணத்துக்கு ஓட்டினான். அவனைக் குறை சொல்லவில்லை. தகப்பன் பேச்சு குழறும்போது எந்த மகன் கட்டணப் பலகையைப் படிப்பான்?

வெளிநாட்டிலிருந்து வந்து நம்மோடு நிரையில் நிற்கிற தோழர்களுக்கு மூன்று வெள்ளிக் கணக்கு கிடையாது. அவர்களுக்கு 2014-ஆம் ஆண்டு ஆணைப்படி அரசாங்க ஆஸ்பத்திரியிலும் கட்டணம் வேறு, மிகவும் கூடுதல். அவர்களுடைய காப்புறுதி எடுக்கப்பட்டிருக்கிறதா, காலாவதியாகிவிட்டதா என்று கிளைச் செயலவை ஆபீசில் கேட்டுப் பார்க்க வேண்டும். 2019 ஜனவரி முதல் வேலை விபத்துக்கு அவர்களுக்கும் சொக்சோ உண்டு. காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேலைக்கு வருகிறவர்களில் அவர்கள்தாம் அதிகம். காரணம் இந்தக் கட்டணப் பயம்.

நிர்வாகத்திடம் நாம் கேட்கப் போவது பெரிய விஷயங்கள் அல்ல. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவருக்குத் துணையாக நிற்கும் மனைவிக்கோ கணவருக்கோ ஆண்டில் ஏழு நாள் சம்பளத்தோடு விடுப்பு. நோயாளியைக் கொண்டு போகவும், திரும்பிப் பரிசோதனைக்குப் போகவும் தோட்டத்து வண்டி. மழைக்காலத்துக்கு முன்பே எல்லாருக்கும் பூட்ஸ். அதற்குச் சம்பளத்தில் பிடித்தம் கூடாது. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டமே, சட்டப்படி கொடுக்கும் பாதுகாப்புப் பொருளுக்குத் தொழிலாளியிடம் பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஒரு ஜோடி பூட்ஸ் விலையையும் 9,460 வெள்ளியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுவோம். நிர்வாகத்தினரும் கணக்குத் தெரிந்தவர்கள்தாமே!

திரும்பிப் பரிசோதனைக்கு வண்டி ஏன் என்று கேட்பார்கள். இந்த நோய்க்கு 14 நாள் ஊசியோடு முடிவதில்லை. மூன்று மாதத்துக்குக் குறையாமல் தினமும் மாத்திரை விழுங்க வேண்டும். மாத்திரை விலை மலிவு. நிபுணரைப் பார்க்கக் கட்டணம் ஐந்து வெள்ளி. ஆனால் அந்த ஐந்து வெள்ளிக்குப் போக 80 வெள்ளி கார், ஒரு நாள் சம்பளம். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் இந்த இடத்தில்தான் நிறுத்துகிறார்கள். நிறுத்தினால் கிருமி மறுபடி கிளம்பும். மறுபடி படுக்கை, மறுபடி 56 தடவை.

நம் தோழருக்கு இது ஒன்பதாவது வாரம். மாத்திரையை அவர் மனைவி பால் வாளிக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் வைத்து, விடிகாலையில் தம் கண் முன்னே விழுங்க வைத்துவிட்டுத்தான் காட்டுக்குப் புறப்படுகிறார். தோழர் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை. சொக்சோ பாரத்தை மண்டோர் சாட்சியுடன் அனுப்பியிருக்கிறோம். நாம் எழுதாமல் விட்டதையும் அதில் நாமே எழுதிக் கையொப்பம் இட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. நிர்வாகத்தோடு பேச்சு அடுத்த மாதம் முதல் வாரத்தில். பூட்ஸ் அளவு இதுவரை 41 பேர் கொடுத்திருக்கிறார்கள். கொடுக்காதவர்கள் திங்கட்கிழமைப் பிரட்டில் நம்மிடம் கொடுக்கவும்.